‘சீரியல் மாதிரி இருக்கிறது’ என்று எழுதும் விமர்சகர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு படம் இழுவையாக இருந்தால் ‘சீரியல் மாதிரி இருக்கிறது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம் விமர்சகர்களிடம் ஊறிப்போன வழக்கம். தங்கள் சினிமா பக்கமும் இதற்கு விலக்கில்லை. அழுகை அதிகம் என்றாலும் இதே வரி, வசனம் அதிகம் என்றாலும் இதே வரி, முகம் முகமாகக் காட்டினாலும் இதே வரி. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறு. காரணமும் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு. தொலைக்காட்சித் தொடரிலிருந்தே எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்தால் எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் வீட்டுத் தொடரின் கணக்கு. அரைமணி நேரத்தில் விளம்பரம் போகக் கையில் நிற்பது சுமார் 22 நிமிடம். 500 எபிசோடு ஓடினால் 11,000 நிமிடம், அதாவது 183 மணி நேரம். இதை எப்படி இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்குவது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த 183 மணியில் பெரும்பகுதி கதையே இல்லை. பார்ப்பவர் ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். நேற்று பார்க்காதவரும் இன்று உட்கார்வார். எனவே ஒரே செய்தி மூன்று தடவை வரும்: நடக்கும்போது ஒருமுறை, மருமகள் அதைத் தன் அம்மாவிடம் போனில் சொல்லும்போது ஒருமுறை, மாமியார் ஒட்டுக்கேட்டு அதிரும்போது ஒருமுறை. அதிர்ச்சி வந்ததும் கூடத்தில் நிற்கும் எட்டுப் பேருக்கும் தனித்தனி ரியாக்‌ஷன் ஷாட். ஒரு முகத்துக்கு நான்கு விநாடி வைத்தாலே அரை நிமிடம் போயிற்று. இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். குக்கர் விசிலுக்கு நடுவே கதை சொல்ல வேறு வழி கிடையாது. தியேட்டரில் கதவைச் சாத்தி, இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் தேவைப்படாது. எனவே நீளத்தைக் குறைப்பது பெரிய வேலையில்லை. அதற்கு அப்புறம்தான் நிஜமான சிக்கல் தொடங்குகிறது.

தொடர் என்பது ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலை நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு, அடுத்த வருடத்துக்கு என்று தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாடு. படத்துக்கு அந்த வசதி இல்லை, இடைவேளை தாண்டியதும் பதிலை நோக்கி ஓடியாக வேண்டும். தள்ளிப்போடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு கதையைப் பதில் சொல்லும் கதையாகத் திருப்பும்போது பாத்திரங்களின் அடிப்படைக் காரணங்களே மாற வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் நீளத்தை மட்டும் குறைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குச் சரியான பாடம் 1993-ல் ஆண்ட்ரூ டேவிஸ் இயக்கிய ‘தி ஃபியூஜிட்டிவ்’. மூலம், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1963 முதல் 1967 வரை நான்கு சீசன்களாக ஓடிய 120 எபிசோடு. மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள் ரயில் கவிழ்ந்ததில் தப்புகிறார், நிஜக் கொலையாளியான ஒற்றைக் கை மனிதனைத் தேடுகிறார், ஜெரார்ட் என்ற போலீஸ் அதிகாரி அவரைத் துரத்துகிறார். வாரத்துக்கு ஓர் ஊர். பொய்ப் பெயரில் ஏதோ கூலி வேலை. அங்கே யாருக்கோ ஆபத்து. டாக்டர் என்பதால் கிம்பிளால் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. உதவப் போய் அடையாளம் வெளிப்படும், அடுத்த ஊருக்கு ஓட்டம். ஒரு எபிசோடு சுமார் 51 நிமிடம். அதை நான்கு அங்கம், கடைசியில் ஒரு சிறு பின்னுரை என்று பிரித்து, முதல் அங்கம், இரண்டாம் அங்கம் என்று திரையிலேயே எழுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு அங்கமும் விளம்பரத்துக்கு முன் ஒரு கொக்கியில் நிற்கும்.

படத்தின் திரைக்கதையை எழுதிய ஜெப் ஸ்டுவர்ட்டும் டேவிட் டூஹியும் அந்த வாராந்தர ஊர்களை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள். தப்பித்த பிறகு கதையின் பெரும்பகுதி சிகாகோவிலேயே நடக்கிறது. ஒரே ஊர் ஆனதால் துரத்துபவரும் துரத்தப்படுபவரும் எந்தத் திருப்பத்திலும் மோதலாம் என்ற பதற்றம் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த மாற்றம் இன்னும் ஆழமானது. தொடரில் ஒற்றைக் கை மனிதன் திருட வந்த இடத்தில் தற்செயலாகக் கொன்றவன். நான்கு வருடம் தேடிக்கொண்டே இருக்க அது போதும். 130 நிமிடத்தில் கண்டுபிடித்தாக வேண்டும் என்றால் போதாது, ஏனென்றால் தற்செயலுக்குத் தடயம் கிடையாது. அதனால் படத்தில் அவன் ஏவப்பட்டவன் ஆகிறான். பின்னால் ஒரு மருந்து கம்பெனி, சோதனை முடிவுகளைத் திரித்த ஒரு புதிய மருந்து. இப்போது கிம்பிள் தன் டாக்டர் மூளையைக் கொண்டே துப்புத் துலக்கலாம். செயற்கைக் கைப் பதிவேட்டைத் தேடி அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழையலாம், திசு மாதிரிகளைப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடிக்கலாம். ஜெரார்டையும் மாற்றினார்கள். தொடரில் அவர் பொறுப்பிலிருந்த கைதி தப்பியதால் அவருக்குத் தனிப்பட்ட வெறி. படத்தில் அவர் வழக்கோடு முன்தொடர்பே இல்லாத ஃபெடரல் மார்ஷல், அதாவது தப்பிய கைதிகளைப் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரி. ‘நான் என் மனைவியைக் கொல்லவில்லை’ என்று கிம்பிள் சொன்னால், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்கிறார். அப்படித் தொடங்குபவர் படிப்படியாகக் கவலைப்படத் தொடங்குவதுதான் படத்தின் இரண்டாவது கதை. அந்த வேடத்துக்கு டாமி லீ ஜோன்ஸுக்குத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்ததில் இந்த எழுத்து வேலைக்கும் பங்குண்டு.

120 எபிசோடையும் எறிந்துவிட்டார்கள் என்றால் தொடரின் ரசிகன் எதைப் பார்த்துத் திருப்தி அடைந்தான்? அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கிம்பிள் துப்புரவுப் பணியாளர் உடையில் இருக்கிறார். விபத்தில் அடிபட்டவர்கள் குவிகிறார்கள். ஒரு சிறுவனின் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். போகிற போக்கில் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், பையனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார், டியூட்டி டாக்டர் தவறாக முடிவுகட்டிவிட்டார் என்று புரிந்துவிடுகிறது. லிஃப்ட்டுக்குள் சீட்டில் எழுதியிருந்ததைத் திருத்தி, நேராக ஆபரேஷன் தியேட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அவர் எக்ஸ்-ரேயைப் பார்த்ததை ஒரு பெண் டாக்டர் கவனித்துவிட்டார். கேள்வி வருகிறது, அடையாள அட்டையைப் பிடுங்குகிறார், ஓட்டம். பொய்வேடம், ஆபத்தில் ஒருவர், உதவி, அம்பலம், ஓட்டம்: வாரா வாரம் 51 நிமிடம் எடுத்துக்கொண்ட சூத்திரம் முழுவதும் சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. பையன் பிழைத்த செய்தி ஜெரார்ட் காதுக்குப் போகிறது, அவர் மனசு திரும்பத் தொடங்குகிறது. தொடரின் பழக்கத்தைக் கொண்டுவந்து வைத்ததோடு, மொத்தக் கதையும் அதன் மேல் ஒரு படி ஏறுகிறது. தொடரை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸ் இந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். மூலத்தை மதிப்பதும் மூலத்தை மாற்றுவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு இதுவே போதும்.

வசனத்துக்கு வருவோம். ஒரு காட்சி சீரியல்தனமாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எல்லாம் புரிந்தால் அது அடுப்படிக்காக எழுதப்பட்ட காட்சி. இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு ‘தோல்வி’ அடையும் காட்சி, 1996-ல் பிரையன் டி பால்மா எடுத்த ‘மிஷன்: இம்பாசிபிள்’ படத்தின் சிஐஏ அறை. சத்தம் கூடினால் அலாரம், வெப்பம் ஏறினால் அலாரம், தரையில் எடை பட்டால் அலாரம். டாம் குரூஸ் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறார், ஒரு துளி வியர்வை தரையைத் தொடாமல் உள்ளங்கையில் பிடிக்கிறார். பேச்சே இல்லை. இது டி பால்மா புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1966 முதல் 1973 வரை ஓடிய மூலத் தொடரே அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு அபூர்வமாக, நீண்ட நேரம் பேசாமல் வேலை நடப்பதைக் காட்டிப் பெயரெடுத்தது. படம் அந்தக் குணத்தை எடுத்துக்கொண்டது. எரியும் திரியையும், லாலோ ஷிஃப்ரினின் இசையையும், கேட்டதும் தானே எரிந்துபோகும் கட்டளை நாடாவையும் எடுத்துக்கொண்டது. கூட்டாக வேலை செய்யும் குழு என்ற அடிப்படையை மட்டும் விட்டுவிட்டு ஒற்றை நாயகனிடம் போயிற்று. அதற்காகத் தொடரின் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸையே வில்லன் ஆக்கினார்கள். பழைய நடிகர்களும் பழைய ரசிகர்களும் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயம்தான் என்பது என் கட்சி. புதிய துரோகி ஒருவனை எழுதியிருந்தாலும் கதை நின்றிருக்கும். வசூல் அந்தக் கோபத்தைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். 2025-ல் எட்டாவது படமும் வந்துவிட்டது.

பிரிட்டிஷ் குறுந்தொடர்களில் சிக்கலே வேறு மாதிரி. ஆறு எபிசோடில் கதை முடிந்துவிடும், எனவே தள்ளிப்போடும் நோய் இல்லை. கதை இழைகள்தான் அதிகம். 1989-ல் சேனல் ஃபோருக்காக சைமன் மூர் எழுதிய ‘ட்ராஃபிக்’ ஆறு எபிசோடு. பாகிஸ்தானில் ஓபியம் விளைவிக்கும் விவசாயி, ஜெர்மனியில் கடத்தல்காரனின் மனைவி, லண்டனில் போதைக்கு அடிமையான மகளை வைத்துக்கொண்டு போதை ஒழிப்புக் கொள்கை பேசும் அமைச்சர். ஸ்டீவன் சோடர்பெர்க் 2000-ல் இதை 147 நிமிடப் படமாக்கியபோது கதை மெக்சிகோ, அமெரிக்கா என்று இடம் மாறியது. (மலையாளத்தில் ‘ட்ராஃபிக்’ என்று வந்து, தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ ஆன படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தொடரின் உயிரென்று பலர் கருதிய விவசாயி படத்தில் இல்லவே இல்லை. அவர் இடத்தில் திஹுவானா போலீஸ்காரர் ஒருவர். காரணம் கொக்கெய்ன் வழித்தடத்தில் தேடினால் கிடைக்கும்: அமெரிக்க எல்லையில் கதையின் நெருக்கடி வயலில் இல்லை, சோதனைச் சாவடியில் இருக்கிறது.

இழைகளை மாற்றி மாற்றிக் காட்டும்போது வரும் பெரிய கோளாறு, காட்சி மாறியதும் ‘இது எங்கே, இவர்கள் யார்’ என்று பார்வையாளர் மூன்று நான்கு விநாடி தடுமாறுவது. நூறு தடவை வெட்டினால் அதிலேயே ஐந்தாறு நிமிடக் கவனம் போய்விடும். சோடர்பெர்க் வேறு பெயரில் தானே கேமராவையும் பிடித்து, மெக்சிகோவுக்கு வெந்த மஞ்சள், வாஷிங்டன்-ஒஹையோ பகுதிக்குக் குளிர்ந்த நீலம், சான் டியேகோவுக்குக் கண்கூசும் வெயில் என்று நிறத்தாலேயே முகவரி எழுதிவிட்டார். இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு, துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர். அந்த மஞ்சளைப் பிறகு வந்தவர்கள் வெயிலடிக்கும் ஏழை நாடு எதைக் கண்டாலும் பூசத் தொடங்கிவிட்டார்கள், அது தனிக் கொடுமை.

பால் ஆபட் பிபிசிக்கு எழுதிய ‘ஸ்டேட் ஆஃப் ப்ளே’ (2003) ஒரு செய்தித்தாள் அலுவலகத்தைப் பற்றியது என்பதால் தங்களுக்கு ஆர்வம் இருக்கலாம். தொடரில் அது ஒரு நிருபர் கூட்டம். ஒருவர் போனில் மடக்குவார், ஒருவர் ஆவணம் தேடுவார், ஆசிரியர் மேலிடத்தோடு மல்லுக்கட்டுவார், செய்தி கூட்டாகத் திரளும். 2009-ல் வந்த 127 நிமிடப் படத்தில் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட இரண்டு பேராகச் சுருங்கியது: ஒரு பழைய நிருபர், ஓர் இணையப் பதிவர். நேரம் மிச்சம்தான். ஆனால் ஒரு செய்தியை எத்தனை கைகள் சரிபார்க்கின்றன என்ற தொடரின் சாரம் போய்விட்டது. ஈடுகட்டுவதுபோல் படத்தின் கடைசி டைட்டிலில், செய்தி அச்சுத் தகடாகி, அச்சேறி, கட்டாகி வண்டியில் ஏறும் வரை காட்டுகிறார்கள். உட்கார்ந்து பார்க்க வேண்டிய பகுதி.

நீளமே பிரச்சினையாகிப்போன ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். ‘எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்’ 1985-ல் பிபிசிக்காக ட்ராய் கென்னடி மார்ட்டின் எழுதி, மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கிய ஆறு எபிசோடு. அதே கேம்ப்பெல் 2010-ல் மெல் கிப்சனை வைத்து அதைப் படமாக்கினார். மகள் கண்ணெதிரே சுடப்பட்டுச் சாகிறாள். தந்தை போலீஸ்காரர். அணுக்கழிவு, அரசாங்கம், உளவுத்துறை என்று கதை விரிகிறது. தொடரின் முதல் எபிசோடில் தந்தை துக்கத்தில் உறைந்து கிடப்பதற்கே நிறைய நேரம் உண்டு. அந்த அசைவின்மை பார்ப்பவரையும் அமுக்கிப்போடும். 117 நிமிடத்தில் அதற்கு இடமில்லை, எனவே துக்கம் சட்டென்று பழிவாங்கலாக மாறுகிறது. இயக்குநர் அவரே, முடிச்சும் அதுவே, படம் மட்டும் நாம் நூறு தடவை பார்த்த பழிவாங்கும் அப்பா கதையாக நிற்கிறது. துக்கம், காத்திருப்பு, சலிப்பு போன்றவற்றைத் தன் பொருளாகக் கொண்ட தொடரைப் படமாக்காமல் விட்டுவிடுவதே மேல். ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் ‘ஃபானி அண்ட் அலெக்சாண்டர்’ படைப்புக்கு 312 நிமிடத் தொலைக்காட்சி வடிவம், 188 நிமிடத் திரையரங்க வடிவம் என்று இரண்டையும் வைத்தார். படத்தொகுப்பு கற்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நேரம் குறையும்போது எந்த உணர்ச்சி முதலில் காணாமல் போகிறது என்று பிடிபடும்.

ஏற்கெனவே வயதாகிவிட்ட நடிகர்களை என்ன செய்வது என்பது எப்போதும் வரும் தலைவலி. ‘ஸ்டார் ட்ரெக்’ 1969-ல் 79 எபிசோடோடு நின்ற விண்வெளித் தொடர். 1979-ல் வந்த முதல் படம் சுமார் 4.4 கோடி டாலர் தின்றது. புதிதாகத் திட்டமிட்ட ஒரு தொடரின் முதல் எபிசோடுக்கான கதையைப் பெருக்கி எடுத்ததால், விண்கலத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. 1982-ல் வந்த இரண்டாவது படத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவில்லை. தயாரிப்பாளர் ஹார்வ் பென்னெட் தொலைக்காட்சிக்காரர். பழைய எபிசோடுகளைத் தேடி, முடிவு திறந்தே விடப்பட்ட ஒன்றைப் பிடித்தார். 1967-ல் ஒரு வேற்றுக் கிரகத்தில் இறக்கிவிடப்பட்ட கான் என்ற வில்லன், அதற்குப் பிறகு என்ன ஆனான்? 15 வருட இடைவெளியை மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். நாயகன் கிர்க்குக்குப் பிறந்தநாள் வருகிறது, நண்பர் வாசிப்புக் கண்ணாடி பரிசளிக்கிறார். எதிரியின் கப்பலுக்குத் தனி செட் போடாமல் நாயகனின் கப்பல் செட்டையே மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்கள். நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை, திரை வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சறுக்கல்: கான் படத்தில் செகோவ் என்ற அதிகாரியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால் அந்த 1967 எபிசோடில் செகோவ் கிடையாது, அவர் அடுத்த சீசனில்தான் வந்தார். ரசிகர்கள் இன்றும் விடவில்லை. மூலத்தைத் தொடும்போது எபிசோடு வாரியாக யார் எப்போது வந்தார் என்று ஓர் அட்டவணை போட்டு, உதவி இயக்குநர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

நகைச்சுவைத் தொடர்கள் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் 1970-களிலிருந்தே ஒரு குறுக்குவழி உண்டு: கதை தோன்றாவிட்டால் மொத்தக் கும்பலையும் சுற்றுலா அனுப்பிவிடுவது. பேய்ப்படங்களுக்குப் பேர்போன ஹாமர் நிறுவனம் ‘ஆன் தி பஸ்ஸஸ்’ தொடரை மூன்று படமாக எடுத்தது, மூன்றாவதில் கும்பல் ஒரு விடுமுறை முகாமுக்குப் போய்விட்டது. மிஸ்டர் பீன் வேறு வகை. 25 நிமிட எபிசோடுக்குள் இரண்டு மூன்று தனிக் கூத்து, ஒவ்வொன்றும் எட்டுப் பத்து நிமிடம். அப்படிப்பட்ட ஒன்பதை ஒட்டினால் படமாகாது, மூன்றாவதிலேயே பார்வையாளர் சோர்ந்துவிடுவார். ஏனென்றால் பீனுக்கு இழக்க எதுவும் இல்லை. 1997 படத்தில் இழக்க நிறைய இருக்கும் ஒருவரை, மனைவி குழந்தைகளோடு அமெரிக்காவில் வாழும் ஓவியக்கூடக் காப்பாளரை, பக்கத்தில் நிறுத்தினார்கள். விலைமதிப்பற்ற ஓவியத்தில் பீன் தும்முகிறார், கைக்குட்டையால் துடைக்கிறார், மை ஒட்டுகிறது, கரைப்பான் போடுகிறார், முகமே கரைந்துபோகிறது. நாம் சிரிப்பது பீனைப் பார்த்து, பதறுவது அந்தக் காப்பாளருக்காக.

தொழில்நுட்பத்தில் எங்கே அடிபடும் என்பதும் முக்கியம், முக்கியமாகப் பழைய தொடரின் காட்சிகளை ஃப்ளாஷ்பேக்காகப் படத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு. நம் பழைய தொடர்கள் 4:3 சட்டகத்தில், 720-க்கு 576 என்ற அளவில் இருப்பவை. அதை அகலம் உயரத்தைப்போல் 1.85 மடங்கு உள்ள தியேட்டர் சட்டகத்துக்கு அகலம் நிறைய வைத்தால் 576 வரியில் 415 மட்டும் மிஞ்சும். இன்னும் அகலமான ஸ்கோப் சட்டகம் என்றால் 321. தலையோ தாடையோ போய்விடும். வெட்டாமல் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, பழைய டிவி காட்சி என்றே ஒப்புக்கொண்டு காட்டுவது கௌரவம். அந்தக் காட்சிகள் விநாடிக்கு 25 ஃப்ரேம், படம் 24. அப்படியே 24-ல் ஓடவிட்டால் 22 நிமிடக் காட்சி 22 நிமிடம் 55 விநாடியாக நீளும், குரல் கனத்து, பாட்டின் சுருதி இறங்கும். சுருதியைத் தனியாகத் திருத்தாவிட்டால், டைட்டில் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர் முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார். ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதி வரிகளாகப் பின்னப்பட்டது என்பதால் அந்தப் பின்னலை நீக்கும் டி-இன்டர்லேஸ் வேலையைச் செய்யாவிட்டால் கையசைத்தாலே ஓரங்களில் சீப்புப் பல் தெரியும்.

ஒலியில் வரும் தவறு இன்னும் நுட்பமானது. டிவி மிக்ஸிங்கில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடைவெளியைச் சுருக்கிவிடுவார்கள். மிக்ஸி ஓடினாலும் முணுமுணுப்பு கேட்க வேண்டும். தியேட்டர் ஒலி 85 டெசிபலை அளவுகோலாக வைத்துச் சீரமைக்கப்பட்டது, அங்கே மௌனமும் ஒரு கருவி. டிவி பழக்கத்தில் மிக்ஸ் செய்த படம் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே உயரத்தில் கத்தும். இருபது நிமிடத்தில் காது அலுத்து, பார்வையாளர் ‘ஏனோ இழுவையாக இருக்கிறது’ என்பார். படத்தொகுப்பின் மேல் பழி விழும். க்ளோஸ்-அப்பும் அப்படித்தான். 32 அங்குலத் திரையில் நெற்றி முதல் தாடை வரை நிரப்பிய முகம் நெருக்கமாகத் தெரியும். 40 அடித் திரையில் அதே முகம் இரண்டு மணி நேரம் வந்தால் மூச்சு முட்டும்.

நம்மிடம் கதைகள் இந்த வழியில் அதிகம் நடமாடவில்லை, ஆட்கள் நடமாடியிருக்கிறார்கள். ‘மெட்டி ஒலி’ திருமுருகன் 2006-ல் ‘எம் மகன்’ எடுத்தபோது, வீடு வீடாகத் தெரிந்த தன் தொடரைத் தொடவே இல்லை, அப்பா-மகன் கதை ஒன்றைப் புதிதாகச் செய்தார். ‘மர்மதேசம்’ நாகாவும் 2010-ல் ‘ஆனந்தபுரத்து வீடு’ எடுத்தபோது புதுக் கதையோடுதான் வந்தார். இந்தியில் 2002-ல் தொடங்கிய ‘கிச்சடி’ 2010-ல் அதே குடும்பத்தோடு படமானது.

இனி யாராவது இங்கே பழைய தொடர் ஒன்றைப் படமாக்க முனைந்தால் முதலில் திறக்க வேண்டியது ஒப்பந்தக் கோப்பு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012 திருத்தம் இன்னொன்றும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத வரை, உரிமை மாறியதாகாது. ‘சேனலிடம் பேசிவிட்டோம்’ என்று சொல்லிப் பூஜை போட்டவர் பிறகு கதாசிரியர், வசனகர்த்தா, டைட்டில் பாட்டு இசையமைப்பாளர் என்று ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நிற்க நேரலாம். மூன்று வசனகர்த்தாக்கள் கைமாறிய தொடர் என்றால் மூன்று பேரும்.

அதன் பிறகு எழுத்து வேலை. எபிசோடு முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பது வீண். எபிசோடு வாரியாக ஒன்லைன் எழுதி, அதில் திரும்ப மாற்ற முடியாத சம்பவங்களை மட்டும் அட்டையில் குறிக்க வேண்டும். நின்றுபோன கல்யாணம், திரும்பி வந்த பிணம், இரட்டை வேடம், ஞாபகம் போய் மீண்ட ட்ராக் எல்லாம் அடிபட்டுவிடும். எஞ்சும் அட்டை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். 150 நிமிடப் படத்துக்கு 60 முதல் 75 சீன், இடைவேளைக்கு முன் பாதி. தொடரில் ஐந்தாறு ட்ராக் ஓடியிருக்கும், படம் ஒரு முதன்மை ட்ராக்கையும் இரண்டு கிளையையும்தான் தாங்கும். மூன்று நாத்தனார் இருந்தால் ஒருவராக்கி, மூவரின் குணத்திலும் கதைக்கு வேண்டியதை அவர் மேல் ஏற்ற வேண்டும். முதல் பத்து நிமிடத்தைத் தொடரைப் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கங்கள் பழைய ரசிகரை நம்பி எழுதப்பட்டவை, திரும்ப எழுதத்தான் வேண்டும். டைட்டில் பாட்டை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், கைதட்டல் அங்கே கிடைக்கும். இரண்டாவது முறை வைத்தால் யாரும் தட்ட மாட்டார்கள்.

தங்கள் சினிமா பக்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ‘சீரியல் மாதிரி’ என்று எழுத நேரும்போது, சொன்னதையே சொல்கிறதா, விளம்பர இடைவேளைக்கு வளைந்த காட்சிகளா, சட்டகமா, ஒலியா என்று விமர்சகர் இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும். அடுத்து, தொடரிலிருந்து வந்த படத்தை விமர்சிக்கும்போது மூலத் தொடரை எழுதியவர் பெயரையும் ஒளிபரப்பான ஆண்டையும் நடிகர் பட்டியலுக்குக் கீழேயாவது அச்சிடுங்கள். ‘ட்ராஃபிக்’ படத்தின் சோடர்பெர்க் பெயரும் அதில் போலீஸ்காரராக நடித்த பெனிசியோ டெல் டோரோ பெயரும் தெரிந்த அளவுக்கு, மூலத்தை எழுதிய சைமன் மூர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

தங்கள் நெடுநாள் வாசகர்,
சாலிகிராமம், சென்னை.